பதினோராம் பக்கம்

சம்மதப் படிவம் பதினாறு பக்கம்.
கொழும்பு பஸ்ஸால் இறங்கி
பிளேன்ரீ வாங்கத் திரும்பிய நேரம்
பதினோராம் பக்கத்தை மான் தின்றுவிட்டது.

திருகோணமலை மான்களுக்குக் கடதாசி புதிதில்லை.
லொத்தர் சீட்டு, மரண அறிவித்தல்,
ரொட்டி சுற்றிய பேப்பர், எதுவும் சரி.
இதை மட்டும் கொஞ்சம் மெதுவாக மென்றது
விளங்கி வாசிப்பதுபோல.

"அதில என்ன இருந்தது?" என்றாள் பெர்னதெத்.
நினைவில்லை.

முப்பத்தொரு வருசம் சீனன்குடாவில்
எண்ணெய்த் தாங்கிகளின் ஆழம் பார்த்தவன் நான்.
நாடாவை இறக்கு. அடியில் தட்டும்.
இழு. நனைவு எங்கே முடிகிறதோ
அதை எழுது, மில்லிமீற்றரில்.
எழுதுவது எனக்கல்ல,
அடுத்த ஷிப்டுக்கு வருகிறவனுக்கு.
அவன் முகம்கூடப் பல நாள் பார்த்ததில்லை.

இப்போது என்னை அளக்கிறார்கள்.
ஈரலில் நாற்பத்தொன்று. பக்கத்தில் பதினெட்டு.
கணக்கில் எடுக்காத சிறியவை பல.

டொக்டர் நேர்மையான பிள்ளை.
பேனையை மூடி, திறந்து, மூடி,
"ஐயா, இது சுகப்படுத்தும் எண்டு சொல்ல ஏலாது.
தெரியாதபடியால்தான் செய்யிறம்" என்றார்.

எனக்குப் பிடித்திருந்தது அந்தத் தெரியாது.
இரண்டு வருசமாக எல்லாரும் தெரிந்தே பேசினார்கள்.
முள்ளுச்சீத்தா இலை அவிக்கச் சொன்னார் மச்சான்.
கன்னியாவில் ஏழு கிணறும் குளிக்கச் சொன்னார் அயல்வீட்டார்.
போனேன், குளித்தேன்.
ஏழுக்கும் ஏழு சூடு,
எது யாருக்கென்று எழுதி வைத்திருக்கவில்லை.
இங்கேயும் அப்படித்தான்:
எனக்கு விழுவது புதிய மருந்தா, பழையதா,
கொம்பியூட்டருக்குத்தான் வெளிச்சம்.

பெர்னதெத் மூன்று நாள் கதைக்கவில்லை.
நாலாம் நாள் பாரைக் குழம்பை இறக்கிவைத்து
"உங்கள வைச்சுப் பழகப் போறாங்கள்" என்றாள்.
ஓம் என்றேன்.
மீனில் முள் எடுத்துத் தந்தாள்
கோபத்தோடு,
ஒன்றுவிடாமல்.

திங்கட்கிழமை, பக்கத்துக் கதிரையில்
கந்தளாய்க்காரர், குலரத்ன.
அவருடைய சிங்களப் படிவம் முழுசாக இருந்தது.
பதினோராம் பக்கத்தைக் கேட்டேன்.
விரல்வைத்து, அரைத்தமிழில்:
"எப்ப வேணும் எண்டாலும் போகலாம்.
காரணம் சொல்லத் தேவ இல்ல.
ஒருத்தரும் கோவிக்க மாட்டாங்க."

அவ்வளவுதானா?
அவ்வளவுதான் என்று
பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

ஒப்பமிட்டேன்.
என் இலக்கம் பூச்சியம் பதினேழு.
மிஸ்ஸி குழாயைத் தட்டிவிட்டாள்.
தண்ணீர் நிறம். மணமில்லை.
பழக்கதோசம், உள்ளங்கையில் நேரம் எழுதினேன்:
ஒன்பது நாற்பது.

இரவு பஸ் ஊர் சேர்ந்தபோது விடியவில்லை.
மூன்று தரம் சத்தி எடுத்திருந்தேன்.
பையை இறக்கிய பெர்னதெத்
கடை வாசலில் படுத்திருந்த மானிடம் போய்
அதுதானா என்று குனிந்து பார்த்தாள்.

"அதுக்கு ஒண்டும் செய்யேல்ல" என்றாள்,
முதல்தடவையாக
கொஞ்சம் சிரித்த முகத்தோடு.