ஒரு லட்சத்துக்கு

எங்கள் கவுண்டியில் ஒன்பதாயிரம் பேர்.
போன வருஷம் ஒரு கொலை.
தலைநகரில் யாரோ வகுத்துப் பெருக்கியதில்
ஒரு லட்சத்துக்குப் பதினொன்று.

மீதிப் பத்துப் பேரை
இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நான் இங்கே கொரோனர்.
பிணத்துக்குக் காரணம் எழுதுகிற வேலை.
ஆர்கன்சாவின் இந்தச் சமவெளியில்
அதற்கும் தேர்தல் உண்டு.
சோயா வயல் ஓரமெல்லாம் நட்டுவைத்த அட்டைகளில்
என் முகம், பெயர், கட்சியின் நிறம்.
சாகிறவனுக்குக் கட்சி தேவையில்லை.
அவன் செத்தான் என்று எழுதுகிறவளுக்கு
கட்டாயம் ஒன்று வேண்டும்.

அந்த ஒருவன், ஓரன் டில்லார்ட்.
ஆகஸ்ட் ஞாயிறு, மாலை நாலே முக்கால்.
அக்காள் புருஷனிடம் படகு மோட்டார் இரவல் வாங்கினான்,
திருப்பித் தரும்போது
மூன்று இறக்கையில் ஒன்று முறிந்திருந்தது.
நூற்றிருபது டாலர் என்றான் அவன்.
அறுபது என்றான் இவன்.
பேரம் அவ்வளவுதான்.

முதல் குண்டு குறி தப்பி
முற்றத்து அட்டையில் என் இடது கன்னத்தைத் துளைத்தது.
இரண்டாவது தொடையில்.

தொடையில் பட்டவன் சாக வேண்டியதில்லை.
இருபது நிமிஷத்தில் யாராவது நரம்பைப் பிடித்திருந்தால்
இது கொலையே இல்லை,
வேறு பத்தியில் போகும் வேறு எண்.
எங்கள் ஆஸ்பத்திரியை மூடி நாலு வருஷம்.
யார் மூடியது என்பதற்கு
இரண்டு கட்சியிடமும் பதில் இருக்கிறது, ஒரே பதில்:
அவர்கள்.
அடுத்த ஆஸ்பத்திரி எழுபத்தோரு மைல்.
படிவத்தில் தோட்டாவின் விட்டம் எழுத இடமுண்டு,
மைல் எழுத இல்லை.

நான் தரையில் மண்டியிட்டு அளந்துகொண்டிருந்தபோது
விலங்கு மாட்டியிருந்த கால்வின் ஸ்ட்ரோப் சொன்னான்:
‘மேடம், போன தடவை உங்களுக்குத்தான் போட்டேன்.’
நன்றி என்று சொல்லிவிட்டேன்.
வாய்ப் பழக்கம்.

செவ்வாய்க்கிழமை ஒருத்தி போனில் கேட்டாள்:
சிவப்பு கவுண்டிகளில்தானே அதிகம் சுடுகிறார்கள்?
வியாழக்கிழமை ஒருவன்:
நீல நகரங்களைக் கழித்துவிட்டால்
நாடே அமைதிதானே?
இருவரும் மரியாதையாகத்தான் பேசினார்கள்.
அவன் மட்டும் கடைசியில் ஒன்று கேட்டான்:
செத்தவன் யாருக்கு ஓட்டுப் போடுகிறவன்?

பக்கத்து அறைதான் வாக்காளர் பதிவேடு. போய்ப் பார்த்தேன்.
லைசென்ஸ் எடுத்த அன்று பெயர் கொடுத்திருக்கிறான்.
அதற்குப் பிறகு ஒரு தடவைகூட வரவில்லை.
வரைபடம் அவனுக்கும் சேர்த்தே நிறம் பூசியிருந்தது.

அதற்கு முந்தின வருஷம் கொலை பூஜ்யம்.
மாநிலத்திலேயே நிம்மதியான இடம் நாங்கள்தான்.
யாரும் அழைக்கவில்லை.
என் பதிவேட்டில் அந்த வருஷம் ஆறு பேர்,
அதே ரகத் துப்பாக்கி,
கை மட்டும் சொந்தக் கை.
அவர்கள் வேறு கணக்கு என்கிறார்கள்.
இருக்கட்டும்.

ராத்திரி அலுவலகத்தில் விளக்கை அணைக்கும்போது
அந்தப் பத்துப் பேரும் வந்து நிற்பதாக நினைத்துக்கொள்கிறேன்,
சாவடி வரிசை மாதிரி, தொப்பியைக் கையில் பிடித்தபடி,
சுடப்படாதவர்கள், பிறக்காதவர்கள்,
வகுத்தலில் வந்தவர்கள்.
எதற்கு வந்தோம் என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

நேற்று வந்தவள் நிஜம்.
ராமோனா ஸ்ட்ரோப்.
தம்பி மண்ணுக்குள், புருஷன் கம்பிக்குள்.
சான்றிதழ் இரண்டு நகல் கேட்டாள்,
ஒன்றுக்கு ஐந்து டாலர்.
ஒற்றை நோட்டுகளாக எண்ணி வைத்தாள், பத்து,
ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் நீவி.
‘கொலை’ என்ற சொல்லின்மேல் நகல்தாளை மடித்தாள்.
ஒரு லட்சத்துக்கு இவள் எத்தனை என்று
எனக்குப் போடத் தெரியவில்லை.

கதவருகே நின்று கேட்டாள்:
‘அந்த மோட்டாரை எப்போது தருவார்கள்?
இரண்டு இறக்கை நன்றாகத்தான் இருக்கிறது.’