உண்ணி

பிராதில் ஏழாம் பத்தி காலியாக இருந்தது.
வழக்குமூலம் எழுந்த இடம்.
சத்துவாச்சாரி கோர்ட்டு வாசலில்
டைப்பிஸ்ட் தேவகுமாரி
விரலை அந்தரத்தில் நிறுத்திக் கேட்டாள்:
‘எந்த ஊருன்னு போடட்டும் சார்?’

எழுதியது காட்பாடியில்.
சித்தூர் பஸ் திரும்பும் முனையில் மாடியறை,
பாதி ராத்திரிகளில் கரண்ட் இல்லை.
எழுதியது எதற்கென்றால்
ராணிப்பேட்டையில் நீலத்தோல்கள்
ஒவ்வொன்றாய்க் கேமராவுக்குக் கீழே நகரும்;
கிழிசல், கத்திக்காயம், சூட்டுக்குறி,
உண்ணி கடித்த பொட்டு
எல்லாம் எண்ணி
என் ப்ரோக்ராம் தரம் சொல்லும்.
முதல் வருஷம் அது சொன்னதெல்லாம் தப்பு.
‘உன் மிஷினுக்கு உண்ணியும் தெரியல
ஊசிக்குத்தும் தெரியல’ என்று
தரம் பிரிக்கும் ஜமீலா
தோலை என் மேஜைமேல் வீசிவிட்டுப் போவாள்.
மூன்று வருஷம்.
பதினோராயிரத்துச் சொச்சம் வரி.

கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட்டில்
ஒரு லாரித் தோலுக்கு மூன்று சீட்டு கேட்பார்கள்.
என் வரிகள் போனபோது
குறுக்கே ஒரு மூங்கில்கழிகூட இல்லை.
தூக்கக் கலக்கத்தில் நானேதான்
சம்மதம் என்ற பொத்தானை அழுத்தி
அவர்கள் கிடங்கில் ஏற்றிவைத்தேன்.
சம்மதத்துக்குக் கீழே நாற்பத்திரண்டு பக்கம்.
முப்பத்தொன்பதாம் பக்கத்தில்
எந்தத் தகராறும் கலிஃபோர்னியாவில்.

கம்பெனி பதிந்தது டெலாவரில்.
சர்வர் அயர்லாந்தில்.
வாங்கியவர் இத்தாலியில் செருப்பு தைப்பவர்.
எடுத்தது யார் என்றால்
ஓர் ஒப்பந்தக்காரர், இப்போது எங்களோடு இல்லை என்கிறார்கள்.
அவருக்கு ஊரே எழுதவில்லை.

அவர்கள் அறிக்கையின் மாதிரி ஒன்று
கைக்கு வந்தது.
ஐந்தாவது கட்டத்தின் தலைப்பில்
ஆங்கில எழுத்து நாலு:
உண்ணி.
நான் வைத்த பெயர்.
அந்த அறிக்கையில் எனக்குத் தெரிந்த ஒரே முகம்.

நோட்டீசுக்குப் பதில் வந்தது.
அது தமிழ்ச் சொல்லே இல்லையாம்.
யூனிஃபார்ம் நேச்சுரல் நாட்யூல் இண்டெக்ஸ்
என்பதன் சுருக்கமாம்.
படித்துவிட்டு
வக்கீல் எஸ்தர் கிருபாவதி
டீயைத் துப்பிச் சிரித்தார்.

‘அறுபத்திரண்டாம் பிரிவு இருக்கு தம்பி.
எழுதினவன் குடியிருக்கிற ஊர்லயே
கேஸ் போடலாம்.’
அரை நிமிஷம்
நான் வேலூர் மலையளவு உயர்ந்தேன்.
‘ஆனா நீ பட்டனைத் தட்டியிருக்க.
அவன் அதைத்தான் தூக்கிக் காட்டுவான்.
அதைத் தாண்டித் தீர்ப்பு வாங்கினாலும்
அங்க எடுத்துட்டுப் போனா அது வெறும் காகிதம்.
அங்க மறுபடி ஒரு வழக்கு.
டிக்கெட் யாரு எடுக்கிறது?’

சம்மன் டெல்லி போய்க் கடல் தாண்டவேண்டும்.
அமீனா சண்முகசிகாமணிக்கு ஒரு சந்தேகம்:
ஆள் இல்லையென்றால்
கதவில் ஒட்டிவிட்டு வருவது வழக்கம்,
இதற்குக் கதவு எங்கே?
மேகத்தில் இருக்கிறது என்றேன்.
பாலாத்துத் தண்ணிக்கே
மூணு ஸ்டேட்டு இன்னும் அடிச்சுக்குது,
நீ மேகத்துக்கு வந்துட்டியா என்று
பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

தேவகுமாரி இன்னும் விரலை இறக்கவில்லை.
வேலூர்னு போடுங்க என்றேன்.
நாலு தட்டு.
எதிராளி முதலில் அடிக்கப்போவது
அந்த ஒரு சொல்லைத்தான்.

ஆதாரம் மூன்று செட் வேண்டும்.
காப்பி அடித்தான் என்று சொல்ல
நானே என்னை மூன்று காப்பி எடுக்கப்போனேன்.
ஜெராக்ஸ் கடை வெங்கடாசலபதி
எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார்.
பச்சை வெளிச்சம் போய்ப் போய் வந்தது.
ஆங்கிலம், அடைப்புக்குறி, எண்கள்,
எதிலும் அவர் கண் நிற்கவில்லை.
இருநூற்றுப் பதினாலாம் பக்கத்தில் நின்றது.

‘இது என்னா சார்
உண்ணின்னு போட்டிருக்கு.
மாட்டு உண்ணியா?’

ஆமாம் என்றேன்.

பக்கத்துக்கு ஒரு ரூபாய் கணக்குப் போட்டார்.