இருநூறு பைசா

ஹைமாவைத் தாண்டித் தெற்கே போகிற சாலையில்
நானூற்றுப் பதினேழாம் கோபுரம்.
அறுபது கிலோமீட்டருக்கு அது ஒன்றுதான் நிமிர்ந்து நிற்கிறது.
மற்றதெல்லாம் சரளைக்கல்,
வெயில், சாலையின் குறுக்கே யோசித்து நிற்கும் ஒட்டகம்.

அணைத்துவிட்டு வா என்று உத்தரவு.
மஸ்கட் அலுவலகத்தில் வக்தி, எகிப்துக்காரர்,
கணக்கைத் திருப்பிக் காட்டினார்:
ஒரு நாளைக்குப் பதினொரு அழைப்பு.
டீசலுக்குப் பதினாறு ரியால்.
நீயே சொல் என்றார்.
நான் சொல்லவில்லை.
நான்கு மாதச் சம்பளம் நிலுவையில் இருப்பவன்
சொல்ல வேண்டியதையும் நிலுவையில்தான் வைப்பான்.

மூன்று கம்பெனிகளில் எங்களுடையது பச்சை.
பெயர் யாரும் சொல்வதில்லை.
பச்சை வெளுத்துவிட்டது என்றான் மொஃபிசுல்,
கியரை மாற்றிக்கொண்டே.

ரேடியோவில் மலையாளச் செய்தி:
அரசு கைகொடுக்கப் போகிறதாம்.

கொடுக்கக் கூடாது என்றான் மொஃபிசுல்.
சிட்டகாங்கில் அவனுடைய எண்ணூறு கோழிகள்
ஒரே வாரத்தில் செத்தபோது
எந்த மந்திரி வந்தான்?
பின்சீட்டில் ஜெகவீரன் எழுந்து உட்கார்ந்தான்:
கோபுரத்துக்கு அடியில் நிற்கிறவன்
கோபுரம் விழட்டும் என்று சொல்லலாமாடா?

இரண்டு பேர் சொன்னதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது.
அதுதான் தொல்லை.

கொடுக்கிற பணத்தில் பாதி அலைக்கற்றைப் பாக்கிக்குப் போகும்.
அலைக்கற்றை அரசுடையது.
இடது கை கொடுக்கும், வலது கை வாங்கும்,
நடுவில் பச்சை ஒரு கும்பிடு போடும்.
மீதி வங்கிக்கு.
அதற்கும் மீதி ஒப்பந்தக்காரருக்கு.
அதற்கும் மீதி இருந்தால்
அதன் பெயர் சம்பளம்.

போன மாதம் ஒரு ராத்திரி
பேலன்ஸ் தீர்ந்து பேச்சு பாதியில் அறுந்தது.
அவசரக் கடன் வேண்டுமா என்று பச்சையே கேட்டது.
நட்சத்திரம், மூன்று எண், கடைசியில் ஒரு கட்டம்.
இருநூறு பைசா வந்தது.
சேவைக் கட்டணம் முப்பது.
அடைக்கும்வரை அடுத்த கடன் கிடையாது,
மன்னிக்கவும் என்றாள் பதிவுக்குரல்காரி.
இப்போது பச்சை எந்த எண்ணை அழுத்துகிறது?
அதனிடம் யார் முப்பது பைசா பிடிப்பார்கள்?
அந்தக் குரல் அதனிடமும்
மன்னிக்கவும் சொல்லுமா?

கோபுரத்தடியில் ஒரு ஹைலக்ஸ்.
முசல்லம் என்று பெயர் சொன்னார்.
ஆடுகள் எங்கோ மேய,
இவர் இங்கே வந்து நின்று பேசுகிறார்.
சலாலா ஆஸ்பத்திரியில் மகள், தலைப்பிரசவம்.
பதினொன்றில் ஒன்று, என்று எண்ணிக்கொண்டேன்.
எங்கள் கருவிப்பெட்டியைப் பார்த்து
கராப்? என்றார்.
மாஃபி முஷ்கில் என்றேன்.
வாய் தானாகச் சொல்லும் பொய் அது,
இந்த ஊரில் முதலில் கற்றுக்கொண்டது.

அணைத்ததற்குப் படம் அனுப்ப வேண்டும்.
விசையைக் கீழே தள்ளினேன். படம் எடுத்தேன்.
ஜெனரேட்டர் இருமி நின்றது.
அலோ, என்றார் முசல்லம். அலோ. அலோ.
போனை உயர்த்திப் பிடித்து
மேலே பார்த்தார், பிறகு என்னை.

விசையை மேலே தள்ளினேன்.
திரும்பி வர ஆறு நிமிடம் பிடித்தது.
ஆறு நிமிடம் நாங்கள் நான்கு பேரும்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

முதலில் வந்தது எனக்குத்தான்:
அன்பு வாடிக்கையாளரே,
இருநூற்று முப்பது பைசா நிலுவையில் உள்ளது.

பதிவேட்டில் ‘அணைக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
மொஃபிசுல் தொட்டிக்குள் குச்சியை விட்டு எடுத்தான்.
மூன்று நாளைக்கு வரும் என்றான்,
காற்று அதிகம் இல்லாவிட்டால்.
காற்றுக்கும் டீசலுக்கும் என்ன சம்பந்தம் என்று
நான் கேட்கவில்லை.
முசல்லம் மறுபடி எண்களை அழுத்திக்கொண்டிருந்தார்.