பொருள் 1அ

பன்னிரண்டு பக்க இரவல் படிவத்தை
நீல மையில், ஒரு அடித்தல்கூட இல்லாமல் நிரப்பி
கவுனஸ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியிருந்தாள் ரிங்கைலே.
பொருளின் பெயர்: நான்.
ஊடகம்: எலும்பு, தண்ணீர், ஒரு தங்கப் பல்.
காலம்: நவம்பரில் பதினோரு நாள்.
உரிமையாளர்: மேற்படிப் பொருளே.

படிவம் சரியாக இருந்தால் மறுக்க வழியில்லை.
அந்த விதியை எழுதியவள் நான்தான்.
இயக்குநர் வைதோதஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி போட்டுப் பார்த்தார்.
கையெழுத்து அப்படியேதான் இருந்தது.

முதல் நாள் காலை நிலையறிக்கை எடுத்தேன்.
வெள்ளைக் கையுறை, டார்ச், அளவுகோல்.
இடது முழங்காலில் பழைய தழும்பு, இரண்டு சென்டிமீட்டர்.
வலது புருவத்தில் மூன்று நரை.
நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டவை.
"மூச்சு?" என்றாள்.
அதற்குக் கட்டம் இல்லை.
மதிப்பு என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன்.
காப்பீட்டுக்காரர்கள் இருமுறை தொலைபேசியில் கேட்டார்கள்.

ஐந்தாம் கூடத்தில்
ஐம்பது சதவீத ஈரப்பதத்தில், இருபது டிகிரியில்
ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.
கழிப்பறை பார்வையாளருக்கு மட்டும் என்பதால்
எழுந்து, வெளியே போய், மழையில் வரிசையில் நின்று,
எட்டு யூரோவுக்குச் சீட்டு வாங்கி,
பார்வையாளராக உள்ளே வந்து, போய், கைகழுவி,
சீட்டைக் கிழித்துப்போட்டு
மறுபடியும் பொருளாவாள்.
ஒவ்வொரு முறையும்
பொருள் வெளியேறும் அனுமதித் தாளில் என் கையொப்பம்.
வருகைக் கணக்கு ஏறியதில் வைதோதஸுக்குப் பரம திருப்தி.

பொருள் உட்கார்ந்திருந்தது.
பொருளைக் காப்பவள் நின்றிருந்தாள்.
ஸ்தானிஸ்லாவா, பத்தொன்பது வருடமாக நிற்பவள்.
காவலர் உட்காரக் கூடாது, சுவரில் சாயக் கூடாது.
இதையும் நான்தான் தட்டச்சு செய்தேன்,
உட்கார்ந்தபடி.

நாலாம் நாள் பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள்.
"கோந்து போட்டு ஒட்டியிருக்கா?" என்றான் ஒருவன்.
அவர்கள் போனபின்
ரிங்கைலே பெஞ்சில் ஒரு சாண் நகர்ந்தாள்.
அவ்வளவுதான். வாய் திறக்கவில்லை.
ஸ்தானிஸ்லாவா கதவைப் பார்த்தாள். கேமராவைப் பார்த்தாள்.
என் மேசைத் திரை வழியாக என்னைப் பார்த்தாள்.
பிறகு உட்கார்ந்தாள்,
துக்கம் விசாரிக்க வந்தவள்போல, நுனியில்.

வைதோதஸ் மாடியிலிருந்து இறங்குவதற்குள்
புதுப் படிவம் ஒன்றை எடுத்தேன்.
பொருள் இரண்டு பாகங்கள் கொண்டது: 1அ, 1ஆ.
1ஆ: கெண்டைக்கால்களில் நரம்புச் சுருட்டல், நீலம், பரவலாக.
சேதம் நேர்ந்த காலம்: பத்தொன்பது வருடம்.
காரணம் என்ற கட்டத்தில்
என் பெயரை எழுதிக் கையெழுத்திட்டேன்.
கை நடுங்கவில்லை என்று சொல்ல ஆசைதான்.

பாகங்களைப் பிரித்துக் காட்டக் கூடாது என்பதும் விதி.
படியில் நின்றபடி வைதோதஸ் அதைப் படித்தார்.
படித்துக்கொண்டே மேலே போனார்.
அதன்பின் எல்லா நாளும் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.
இருவரும் மழையில் நின்று சீட்டு வாங்கினார்கள்.
ஒருநாள் வரிசையில் அவர்கள் சிரிக்கும் சத்தம்
பதிவு அறைவரை கேட்டது.

பன்னிரண்டாம் நாள் 1அ-வைத் திருப்பி ஒப்படைத்தேன்.
நகங்கள் ஒரு மில்லிமீட்டர் கூடுதல்.
"பதினோரு நாள் குறைகிறது" என்று
நட்டஈட்டுப் பத்தியில் எழுதிவிட்டு
நெமுனஸ் ஆற்றுப் பக்கமாக நடந்துபோனாள்.
1ஆ-வை யாரிடம் ஒப்படைப்பது?
உரிமையாளர் கட்டத்தில் நான் எதையும் எழுதியிருக்கவில்லை.
கோட்டை மாட்டிக்கொண்டு
தானே வீட்டுக்குப் போனாள்.

ஜனவரியில் அந்த பெஞ்சை
நிரந்தரச் சேகரிப்பில் சேர்த்தார்கள்.
சுற்றிலும் கயிறு.
உட்காராதீர்கள், மூன்று மொழியில்.
பக்கத்தில் ஸ்தானிஸ்லாவா,
கால் கடுக்க.

நேற்று மூடும் மணி அடித்து விளக்குகளும் அணைந்தபின்
ஐந்தாம் கூடத்தில் மரம் ஒருமுறை முனகியது.
கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டுப்
பதிவேட்டில் எழுதினேன்:
ஈரப்பத மாற்றம்.