இடப்பக்கப் பொத்தான்

கழுத்துப்பட்டை இரண்டு விரல் உயரம்.
முதல் வாரம் முழுக்க வலி.
சர்ச் தெருச் சீனச் சாப்பாட்டுக்கடையில்
வாசலில் நின்று வணங்குவது என் வேலை,
சிவப்புச் சியோங்சாம் என் சீருடை.
பெயர்ப் பட்டையில் லில்லி,
ரேஷன் கார்டில் புனிதவதி.

புடவை மன்னிக்கும்.
ஒரு கரண்டி சோறு கூடினால்
கொசுவத்தைத் தளர்த்திக் கொடுத்துவிட்டு
வேறு பக்கம் பார்க்கும்.
இது கணக்குப்பிள்ளை.
காலையில் தின்ற நாலாவது இட்லியை
விலாவில் தொட்டுக் காட்டும்.

தொடைவரை ஏறிய வெட்டை
ஊக்குக் குத்தி மூடினேன்.
அடுத்த மாதம் ஊக்கு சற்று இறங்கியது.
அதற்கடுத்த மாதம்
ஆஸ்டின் டவுன் அறையில், கண்ணாடி முன்
நடந்து, திரும்பி, நின்றேன்.
யாரோ ஒருத்தி நன்றாக இருந்தாள்.
ஒரு விடுமுறை நாளில்
கதவைத் தாழிட்டு அதைப் போட்டுக்கொண்டு
வெங்காயம் நறுக்கினேன்.

பார்லர் வைத்திருக்கும் எஸ்தர் லியாவ்
வியாழக்கிழமை வருவாள். என் வயதுதான்.
ஜீன்ஸ், ஹவாய்ச் செருப்பு,
என்னுடையதைவிடத் தெளிவான பெங்களூர்த் தமிழ்.
அன்று என் தோளைப் பார்த்தாள்,
சிரித்தாள், உடனே மன்னிப்புக் கேட்டாள்.
"இடப்பக்கம் பொத்தான் வச்சிருக்காங்க.
எங்க வழக்கத்துல வலப்பக்கம்தான்.
இடப்பக்கம் செத்தவங்களுக்கு."

சிக்பேட்டை காண்ட்ராக்டர்
எந்தப் படத்தை எப்படிப் பிடித்து வெட்டினாரோ.
நாலு பெண்கள், நாலு மாதம்,
செத்தபடியே நூடுல்ஸ் பரிமாறியிருக்கிறோம்,
டிப்ஸ் வாங்கியிருக்கிறோம்.
ஒருத்திக்கு நிச்சயதார்த்தமே முடிந்துவிட்டது.

"யார் கவனிக்கப் போறாங்க?"
என்றார் மேனேஜர்.

இரவு கண்ணாடியைப் பார்த்தேன்.
உள்ளே நிற்பவளுக்குப் பொத்தான்
வலப்பக்கம்.
முதல் நாளிலிருந்தே
அவள் உயிரோடுதான் இருந்திருக்கிறாள்.

கழற்றினேன். உள்ளதை வெளியாகப் புரட்டிப்
போட்டுக்கொண்டேன்.
வெளுக்காத சிவப்பு, தையல் பிசிறு,
ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதிய முப்பத்தாறு.
துணி முடிச்சுகள் உட்பக்கம் போயின.
விரல்கள் குருட்டாம்போக்கில் தேடி
ஒன்றொன்றாய் மாட்டின,
என் வலப்பக்கத்தில்.
தோலில் அழுந்தின.
எடுக்க மனம் வரவில்லை.

நிமிர்ந்து பார்த்தால்
கண்ணாடிக்காரிக்கு இடப்பக்கம்.
செத்தும் அவள் கழுத்து வளையவில்லை.

படுத்துக்கொள் என்றேன் அவளிடம்.
நாளைப் பதினொரு மணிக்கு
மறுபடி என் முறை.