பக்கவாட்டுப் படம்

"எடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க.
முட்டிய மடக்கிக்குங்க.
மூச்ச இழுத்துப் புடிங்க."
பல்லடத்தில் ஒன்பது வருஷமாக
இதையே சொல்கிறேன்.
சொல்லும்போதெல்லாம்
என் மூச்சும் ஒருகணம் நின்றுகொள்கிறது.

மயிலாத்தாள், வயது முப்பத்தெட்டு,
பனியன் கம்பெனியில் ஓவர்லாக்.
ஆறு மாசமாகக் குறுக்கு வலி.

திரையில் எலும்பு வந்தது.
இடுப்பின் ஐந்து கண்டங்களும்
தூக்குக்குண்டு விட்டுக் கட்டிய சுவராட்டம்.
எட்டிப் பார்த்தவள் கேட்டாள்:
"நேராத்தானுங்களே இருக்குது,
அப்பறம் என்னத்துக்குங்க வலிக்குது?"

நேராக இருப்பதுதானுங்க அக்கா வலி.
சொல்லவில்லை.
படம் எடுப்பவள் விளக்கம் சொல்லக் கூடாது.

வயிற்றுக்குள் எல்லாரும் ஒற்றை வளைவு,
அவரைக்காய் மாதிரி.
இடம் போதாமல் அம்மா கொடுத்தது.
மற்ற இரண்டும் நாமாகச் சம்பாதித்தவை.

என் பையன் இசைவேந்தன்
குப்புற விழுந்து, மூக்கு பாயில் தேய,
தெருவில் வந்த குப்பை வண்டியின் பாட்டுக்குத்
தலையைத் தூக்கினான்.
தொப்பென்று போட்டான்.
மறுபடி தூக்கினான்.
அந்த ஆட்டத்துக்குச் செங்கீரை என்று
ஒரு பருவமே ஒதுக்கிய மொழி இது.
கழுத்து குழைந்தது
அந்தக் குப்பை வண்டியைப் பார்க்கும் ஆசையில்.

பதினோராம் மாதம்
பிரிட்ஜைப் பிடித்து எழுந்து
தொந்தியை முன்னே தள்ளி
வட்டி கேட்க வந்த பைனான்ஸ்காரர் போல
நின்றான்.
இடுப்பில் அன்றைக்குத் தொடங்கிய வேலை
இன்னும் சில வருஷம் நடக்கும்.

பள்ளிக்கூடத்தில்
நிமிர்ந்து நில் என்று அதட்டிய யாரும்
எலும்பைப் பக்கவாட்டில் பார்த்ததில்லை.

மயிலாத்தாளின் ஐந்தும்
எந்த ஷிப்டில் மறந்தன?
கம்பெனி ஸ்டூலுக்கு முதுகு கிடையாது.
தலை குனிந்த அளவுக்குத்தான்
தையல் நேராக வரும்.

மேசையைவிட்டு எழுந்தாள்:
புரண்டு, உள்ளங்கை ஊன்றி,
முதலில் தலை,
கொஞ்ச நேரம் அப்படியே,
பிறகு மற்றதெல்லாம்.
கை கொடுக்கப் போனேன்.
"வேண்டாமுங்க, வந்துருவேன்."

கவரின் மேல் அச்சடித்திருக்கிறது:
மடிக்கக் கூடாது.
அவள் பைக்குள் அது நுழையவில்லை.
வெளியே ஆடிக் காற்று,
காற்றாலைகள் தின்று தீராத மிச்சம்.
சன்னல் வழியாகப் பார்த்தேன்.
திருப்பூர் பஸ்ஸுக்கு நிற்கிறாள்,
கவரை வயிற்றோடு அணைத்துக்கொண்டு.
காற்று விடவில்லை.
உள்ளே இருக்கும் படத்தை
மெல்ல மெல்ல
வளைத்துக்கொண்டிருந்தது.