மூன்று மில்லிமீட்டர்

வெட்டுக்கோட்டைத் தாண்டி
மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக
நிறம் ஓட வேண்டும்.
கத்தி கொஞ்சம் பிசகினாலும்
வெள்ளை பல்லைக் காட்டிவிடக் கூடாது.
முப்பத்தொரு வருஷம் அப்படித்தான்:
சலவைத்தூள், சேமியா, கொசுவர்த்தி.
எறிவதற்கென்றே எப்போதும்
கொஞ்சம் நிறம்.

மார்ச்சில் அனுப்பிவைத்தார்கள்.
ஒரு சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம்.
கடிகாரத்தில் என் பெயருக்கு நடுவே
இடைவெளி தப்பாக விழுந்திருந்தது.
சொல்லவில்லை.

தண்டையார்பேட்டை மொட்டைமாடி.
தண்ணீர்த் தொட்டியின் நிழல் நகர நகர
நானும் ஸ்டூலை இழுத்துக்கொண்டு போகிறேன்.
முதல் கேன்வாஸ் பதினோரு நாள்
வெள்ளையாகவே இருந்தது.
"லோகோவை இன்னும் கொஞ்சம் பெருசாக்குங்க" என்று
யாரும் போன் செய்யவில்லை.
பன்னிரண்டாம் நாள் ஒரு விசைப்படகு வந்தது.
கீழே இடதுபக்கம் மட்டும் காலி;
விலையும் எடையும் அச்சிட
கை தானாக ஒதுக்கிவைத்த இடம்.

துணி காயப்போட வந்த பிலோமினா
க்ளிப்பைப் பல்லில் கடித்தபடி பார்த்தாள்.
அவள் வீட்டுக்காரர் படகில் இன்ஜின் டிரைவர்.
"நல்லாத்தான் இருக்கு சார்.
ஆனா இது கடலுக்குப் போன போட்டு இல்ல.
டப்பா மேல போட்ட போட்டு."

அன்று சோறு இறங்கவில்லை என்றால் பொய்.
இரண்டு தரம் போட்டுக்கொண்டேன், சங்கரா குழம்பு.
பிறகு படகைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிவைத்தேன்.

காசிமேட்டில் ஏலம் அடங்கிய ஒரு காலை
அலைதடுப்புக் கல் இடுக்கில்
என் பாக்கெட் கிடந்தது.
தொண்ணூற்றெட்டில் போட்டது.
பதினேழு திருத்தம்.
மஞ்சளை வெயில் தின்றிருந்தது,
பின்னாலேயே மெஜந்தாவையும்.
சூரியன் நீலம்.
சிரிக்கிற அம்மா நீலம்,
அவள் கையில் சட்டை நீலம்.
குழந்தையின் கன்னத்தில்
சுண்ணாம்புப் பொட்டாக ஒரு சிப்பி
ஒட்டிக்கொண்டு வளர்ந்திருந்தது.
பதினெட்டாவது திருத்தம்.
யார் ஒப்புதல் தந்தார்களோ.

மூன்று வாரமாக அதைத்தான் வரைகிறேன்.
அந்த நீலம் வரவில்லை.
ட்யூப்களை அப்படியே கைப்பிடிச்சுவரில்
வெயிலுக்கு வைத்துப் பார்த்தேன்.
காக்கை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனது.

நேற்று சிப்பி வந்தது, சிப்பி மட்டும்.
அதை வரைந்த வேகத்தில் தூரிகை
சட்டத்தைத் தாண்டி, ஸ்டூலைத் தாண்டி,
எவ்வளவு தூரம் என்று நான் அளக்கவில்லை,
கொடியில் தொங்கிய வெள்ளைச் சட்டை வரை
போயிருக்கிறது.

"இந்தக் கறைய எது சார் எடுக்கும்?" என்கிறாள் பிலோமினா.

கேன்வாஸில் இருக்கும் பாக்கெட்டைக் காட்டினேன்.
அந்தத் தூளைக் கம்பெனியே நிறுத்தி
பத்து வருஷம் ஆகிறது.